சுவருக்கு மஞ்சள்

அடக்கத்துக்கு ஊரே திரண்டு வரும் என்பதால், அதற்கு முன் வீட்டுக்கு வர்ணம் அடித்துவிடுவது எங்கள் இக்போ இனத்து வழக்கம். அதனால்தான் என் கணவர் ஒபியாஜூலு வர்ண வாளியோடு ஏணியில் ஏறியதும் நான் ஏணியடிக்கு ஓடினேன்.

முந்தின வாரம் இருவரும்தான் பரிசோதனை செய்துகொண்டோம். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இறங்குங்க! இத்தனை வருஷமா இந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு இப்ப என்ன அவசரம்?"

"நீதானே நச்சரிச்சே, உலோமா? மஞ்சளா, நீலமா? சொல்லு."

"மஞ்சள். உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு எதுக்குடி? உனக்குப் பிடிச்சதுதான்."

சுவரைப் பார்த்தபடியே அவர் ஜெபமாலை சொன்னார். மூச்சு வாங்க, ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் பிழைக்க வேண்டுமென்று கைவிடப்பட்டோருக்குத் துணையான புனிதர் யூதா ததேயுவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபமும் தொடங்கினேன்.

வர்ணம் காய்ந்த அன்று, நோயாளிக்குப் பூசும் எண்ணெயோடு பங்குச் சாமியார் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவரை உட்காரவைத்தேன்.

"பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவர் எழுந்தார். என் தோளைப் பிடித்து, அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

எண்ணெய் தொட்ட சாமியாரின் கட்டைவிரல் என் நெற்றிக்கு வந்தது.