கன்னியம்மாவின் பூட்டு

வாடகைக் கேமராவை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நடைபாதைவாசிகளைப் பற்றிய எஸ்தரின் ஆவணப்படத்துக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூடக் கிடைத்தபாடில்லை. மூன்று நாளாகத் துருவித் துருவிக் கேட்டும் கன்னியம்மா அழுவதாக இல்லை. இன்றும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சாயங்கால இட்லிக்கடைக்குப் பாத்திரம் கழுவக் கிளம்புமுன், தான் படுக்கும் நடைபாதையை ஒட்டிய பூங்காவின் கம்பிவேலியில் பித்தளைப் பூட்டை மாட்டிப் பூட்டினாள். ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். கதவும் இல்லை, சுவரும் இல்லை. தினமும் நடப்பதுதான். பாட்டரியை அழுகைக்கென்று மிச்சம் பிடித்ததில் எஸ்தர் அதைப் படமே பிடிக்கவில்லை. இன்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

“எதைக்கா பூட்டுறீங்க?”

“சும்மா கெடந்தா துரு புடிச்சிக்கும்மா. வூடு வரசொல்ல பூட்டு ரெடியா இருக்க வேணாமா?”

சுருக்குப்பையைத் துழாவி இன்னொரு சாவியை எடுத்து எஸ்தரின் உள்ளங்கையில் வைத்தாள். “நேத்து நான் வர்ற வரைக்கும் வெளியவே நின்னுக்கினு இருந்தியே. இனிமே தொறந்து உள்ள குந்து.”

கேமராவைக் கொடுத்துவிட்டு எஸ்தர் திரும்பி வந்தாள். பூட்டைத் திறந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.