காலித்துக்குப் பேசிய பெண்

லேபர் கேம்ப்பில் தாய்ப்பால் ஆலோசனைக்கென்று நர்ஸ் அஃப்ஷா ரூம் பிடித்து, போர்டு மாட்டி, பால் எடுக்கும் பம்ப்பும் ஃபிரிட்ஜும் வாங்கிப் போட்டு மாதம் ஒன்றாகியும் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் ஆளாக இன்றுதான் ஜோயா வந்தாள், அழுது அழுது தொண்டை கட்டிய பெண் குழந்தையோடு.

அஃப்ஷா அவள் மார்பைத் தடவிவிட்டாள், பம்ப் வைத்தாள், பிள்ளையை மாற்றிப் பிடிக்கச் சொன்னாள். சொட்டுப் பால் இறங்கவில்லை.

"டென்ஷன் எடுக்காத. ரெண்டு நாள்ல வந்துரும். இப்பம் என் பாலைக் குடுப்பமா? காலையில எடுத்தது ஃபிரிட்ஜ்ல இருக்கு."

ஜோயாவின் கண் மேஜைமேல் இருந்த மொபைலுக்குப் போனது. திரையில் பொக்கைவாய்ச் சிரிப்போடு ஒரு குழந்தை.

"உங்க மவனா லாத்தா? பேரு என்ன?"

"காலித்."

"அப்பம் வேண்டாம் லாத்தா. உங்க பாலைக் குடிச்சா இவ அவனுக்குத் தங்கச்சியால்லா ஆயிருவா! பொறவு நிக்காஹ் பேச முடியுமா?" ஜோயா சிரித்தாள். "இப்படி ஒரு மாப்பிள்ளைய யாரு விடுவா?"

குழந்தை வீறிட்டது. அஃப்ஷாவின் குர்தா தானாக நனைந்தது. அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை.

"காலித்துக்குப் பொண்ணு வேண்டாம் ஜோயா. அவனக் கபர்ஸ்தான்ல அடக்கிட்டு வந்துதான் இந்த ரூமையே தெறந்தேன். பயப்படாமக் குடு."

ஜோயாவின் சிரிப்பு நின்றது. பிள்ளையைத் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள்.

"புள்ளையப் பறிகுடுத்தவ பாலையா?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினாள். சந்து திரும்பும்வரை பசித்த அழுகை கேட்டது. அது கேட்கக் கேட்க, அஃப்ஷாவுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது.