பன்னிரண்டு மணிச் சத்தம்

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் அண்டாவைத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

மரியாதைக்கு ஊரார் தோன்யா என்று அழைக்கும் ஒப்துலியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

இரண்டு மாதமாக இதே கூத்துதான். ஜூனில் டம்ளரை ஸ்பூனால் தட்டுவதுபோல் மெல்லக் கேட்டது. ஜூலையில் வாணலி ஆனது. ஆகஸ்டில் அண்டாவுக்கு வந்துவிட்டது. தட்டுகிறவர் பக்கத்து வீட்டு எவாரிஸ்தோ. ஊர்த் திருவிழாவுக்கு வாணவெடி கட்டுவதும் கொளுத்துவதும் அவர்தான்.

ஒப்துலியாவுக்கு அவர்மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. போன வருஷம் சான் ரோக்கே திருவிழாவில் அவர் விட்ட முதல் வெடிக்கே அவளுடைய நாய் பினோலே மிரண்டு வேலி தாண்டி ஓடிவிட்டது. பதினோரு நாள் கழித்துப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் சான் ரோக்கே நாய்களுக்குக் காவலான புனிதர். சிலையின் காலடியிலேயே வாயில் ரொட்டியோடு ஒரு நாய் நிற்கும். அவருடைய திருவிழா அன்றுதான் ஊர் நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

பினோலே வந்த அன்று சாயங்காலம் எவாரிஸ்தோ மருந்தும் கட்டுத் துணியுமாக வாசலில் வந்து நின்றார். "உங்க கை பட்டது எதுவும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று ஒப்துலியா கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

வறுத்த சோளமாவு நிறத்தில் இருந்ததால் அதற்குப் பினோலே என்று பெயர். தட்டை வைத்துவிட்டு அவள் 'ம்' சொல்லும்வரை வாய் வைக்காது. வருகிறவர்கள்மேல் பாயாது. சாயங்காலம் சீப்பால் வாரிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நிற்கும். எல்லாம் அவள் பொறுமையாகப் பழக்கியது. வெடி ஒன்றுக்குத்தான் அவளால் பழக்க முடியவில்லை.

"இந்த வருஷமும் ஓடினா நகரத்துல என் தங்கச்சிகிட்ட குடுத்துடுவேன். இன்னொரு பதினோரு நாள் என்னால முடியாது" என்று சோள ரொட்டிக் கடை வரிசையில் மே மாதம் ஒருநாள் சொன்னாள். வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் எவாரிஸ்தோவும் நின்றிருந்தார்.

அவருடைய நாய் கபித்தானையோ ஊரே மெச்சும். தலைக்கு மேல் வெடி வெடிக்கும்போது அவர் காலடியில் படுத்துக் கொட்டாவி விடும். அதட்ட வேண்டியதே இல்லை. விரலை அசைத்தால் எழுந்திருக்கும், உள்ளங்கையைக் காட்டினால் படுத்துவிடும். வளர்ப்பு என்றால் அதுதான் வளர்ப்பு என்று வரிசையில் யாராவது சொல்வார்கள், ஒப்துலியாவின் காதில் விழும்படி.

கரண்டியைக் கீழே வைத்த அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று சுவரோரம் போனாள். அவளுக்கு முன்பே பினோலே அங்கே நின்று வாலை ஆட்டிக்கொண்டு வாயை நக்கிக்கொண்டிருந்தது. அது வேறு எரிச்சல். இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறது.

"தோன் எவாரிஸ்தோ, இது என்ன நேர்த்திக்கடனா? தெருவுல மனுஷங்களும் குடியிருக்கோம்."

தட்டுவது நின்றது. "கபித்தானுக்குப் பயிற்சி, தோன்யா. திருவிழா வருதில்ல."

"கொட்டாவி விடுற நாய்க்கு எதுக்குப் பயிற்சி?"

"இன்னும் பத்து நாள்தான். பொறுத்துக்குங்க."

மறுநாள் அண்டாவோடு ஓலை வெடியும் சேர்ந்துகொண்டது.

ஒப்துலியா திருவிழாக் கமிட்டிக்குப் போனாள். அண்டை அயலாரைப் பற்றிக் கவலையே இல்லாத மனுஷனுக்கு வெடி வேலையைக் கொடுக்கக் கூடாது என்று எழுதி, தெருவில் ஏழு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள். திருவிழா முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

திருவிழா அன்று காலையிலேயே தெருக்கதவைப் பூட்டினாள். வேலியில் இருந்த பொந்துகளை முள்ளால் அடைத்தாள். கழுத்து வாரைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, முற்றத்தில் பினோலேயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். கோயில் பக்கம் பேண்டு வாத்தியம் கேட்டது.

முதல் வெடி வானத்தில் போய் வெடித்தது.

பினோலே ஒரே உதறலில் வாரை உருவிக்கொண்டு ஓடியது.

"பினோலே..." என்று கத்திக்கொண்டே எழுந்தாள்.

அது வேலிப் பக்கம் போகவில்லை. நேராகச் சுவரோரம் போய், உட்கார் என்று சொன்னதுபோல் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

சுவருக்கு மேலிருந்து ஒரு துண்டு கோழி ஈரல் விழுந்தது.

இரண்டாவது வெடி. இரண்டாவது துண்டு.

ஒப்துலியா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். எவாரிஸ்தோவின் மனைவி லுக்ரேசியா, நசுங்கிப்போன அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். கையில் ஒரு கிண்ணம். மாட்டிக்கொண்டவள்போல் விழித்தாள்.

"உங்க நாய்க்குப் போடறது தவறி இங்க விழுதா?"

"தவறலை" என்றாள் லுக்ரேசியா. "ஒரு வெடிக்கு ஒரு துண்டு, பினோலேக்கு விட்டுப்போகக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கோயிலுக்குப் போனாரு. தினமும் அவரே போடுவாரு. உங்களைக் கேட்டா வேண்டாம்னுடுவீங்கன்னு..."

மூன்றாவது வெடி. பினோலே இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"கபித்தானுக்குப் பயிற்சின்னு சொன்னாரே?"

லுக்ரேசியா கிண்ணத்தைச் சுவருக்கு மேலாக அவள் கையில் கொடுத்தாள்.

"அதுக்கு எதுக்கு, தோன்யா? இவர் போட்ட வெடியில அதுக்குக் காது போயி ஏழு வருஷமாச்சு."