ஆளுக்கொரு மனு

"செல்லாது."

நகரசபைத் தபால் பிரிவு கிளார்க் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, மனுவை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார்.

தையலக்காவுக்குச் சுரீரென்றது. நாலு நாள் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்தாயிற்றே! ஊரில் இருக்கிற ஒரே பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அங்கே கடைகள் கட்டப் போகிறார்களாம். இனி வலி எடுத்தால் முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். அவள் மகளுக்கோ இது எட்டாம் மாதம்.

"நானூறு பேர் கையெழுத்து சார். எது செல்லாது?"

"ஒரே மனுவுல ஊரே கையெழுத்துப் போட்டா எப்படி? ஆளுக்கொரு மனு. அவங்கவங்க நேர்ல வந்து கொடுக்கணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட சரி."

அன்று செவ்வாய்.

பின் மேஜையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அப்படிக் கறாரா இருய்யா!"

கிளார்க்கின் கறாருக்கு என்ன குறைச்சல்! மார்ஜின் சரியாக விட்டிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிற ஆசாமி. ஊரில் அவருக்குப் பெயரே 'ஸ்கேல்'தான்.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த வேன் டிரைவர் கொதித்தான். "ஒரு கல்லு போதும்கா. அந்த ஜன்னல் கண்ணாடி இருக்கே..."

"போடேன். நாளைக்குப் பேப்பர்ல கண்ணாடி உடைஞ்ச செய்திதான் வரும். ஆஸ்பத்திரியைப் பத்தி ஒரு வரி வராது. நேர்லதானே வரச் சொல்றாரு? வருவோம். வாயைத் திறக்காம வரிசைல நிப்போம்."

"வாயைத் திறக்காமயா? நீயா?"

"முயற்சி பண்றேன்டா."

புதன்கிழமை கதவு திறக்கும்போதே தையலக்கா முதல் ஆளாக நின்றாள். மனுவைக் கொடுத்தாள். ரசீதைப் பார்த்தாள். நம்பர் இரண்டு.

"முதல் ஆளா நிக்கிறேன். எனக்கு எப்படி சார் ரெண்டு?"

"அடுத்த ஆள் வாங்க."

'எவனோ வேண்டப்பட்டவனுக்குப் பின்வாசல் வழியா ஒண்ணாம் நம்பர் போயிருக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே ரசீதைப் பர்ஸில் திணித்தாள்.

மூன்று நாளும் வரிசை நகர்ந்தது. பேக்கரிக்காரர் கையில் மாவோடு வந்தார். நிற்க முடியாத பெரியவர் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்கேல் ஒருத்தரையும் சும்மா விடவில்லை.

"தேதி எங்கே? தெருப் பேரை முழுசா எழுதுங்க. ஹலோ, டிரைவர்! ரசீது வாங்காம எங்க ஓடறீங்க?"

மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு கை டிபன் பாக்ஸில், மறு கை முத்திரையில்.

"அந்த மேஜையை விட்டு எழுந்தா உசுரு போயிடும்போல" என்றான் டிரைவர்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தாக ஐந்து நிமிடம். வேலையை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் எல்லாம் வந்து போய்விட்டார்கள். ஜன்னல் முன்னால் தையலக்காவும், அவளை அழைத்துப் போக வந்த மகளும் மட்டும்தான்.

ஸ்கேல் கடிகாரத்தைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு மனு கொடுத்துச்சா?"

"இல்ல சார். எட்டு மாசம். கால் வீங்கிக் கிடக்கு. வரிசைல நிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"இந்த ஊர்லதானே குடியிருக்கு? எழுதச் சொல்லுங்க."

தையலக்காவின் மூன்று நாள் பொறுமை போன இடம் தெரியவில்லை. "புள்ளத்தாச்சியை நிக்க வெச்சு வேடிக்கை பார்க்கறியே, நீயெல்லாம் மனுஷனாய்யா? உன் வீட்ல பொம்பளைங்களே இல்லையா?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தேதி போட மறந்துடாதம்மா."

மகள் எழுதினாள். டொக்கென்று முத்திரை விழுந்தது. நம்பர் முந்நூறு.

திங்கட்கிழமை நகரசபைக் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் அம்மாவும் மகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரி விஷயமா ஒண்ணு ரெண்டு ஆட்சேபணை வந்திருக்கும். அதை ஃபைல்ல வெச்சுட்டு, தீர்மானத்தை..."

"முந்நூறு சார்."

கட்டுக் காகிதத்தோடு ஸ்கேல் எழுந்து நின்றார். குரல் லேசாக நடுங்கியது.

"விதிப்படி, தனித்தனியா முந்நூறு ஆட்சேபணை வந்துட்டா தீர்மானம் போட முடியாதுங்க. ஊர்ல ஓட்டெடுப்பு நடத்தணும்."

"எல்லாரும் சேர்ந்து ஒரே மனுதான் கொண்டு வந்தாங்கன்னு மேனேஜர் சொன்னாரே?"

"கொண்டு வந்தாங்க. நானூறு பேர் போட்டிருந்தாலும் விதிப்படி அது ஒரே ஆட்சேபணைதான் சார். அதான் நான் வாங்கலை."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. தையலக்காவுக்கோ கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம்! எழுந்து நின்று, அவர் பார்க்கிறாரா இல்லையா என்றுகூடக் கவனிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சேர்மனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "கொண்டா இங்கே! ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன்."

கட்டைப் பிரித்தார். முதல் மனுவின் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னய்யா இது... ஒண்ணாம் நம்பர்ல உன் பேரு இருக்கு?"

"நானும் இந்த ஊர்லதான் சார் குடியிருக்கேன்."

"வேலைக்கு ஆபத்துன்னு தெரியாதா?"

"தெரியும் சார். அதான் தைரியம் போறதுக்குள்ள, முதல் ஆளா கொடுத்துட்டேன்."

தையலக்கா பர்ஸைத் திறந்து, கசங்கிக் கிடந்த இரண்டாம் நம்பர் ரசீதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.