இருபது மீட்டர்

"அம்பது டன் கிரேன். எட்டு டன் மெஷினைத் தூக்க மாட்டாராம்! பயந்தாங்கொள்ளின்னு எல்லார் முன்னாலயும் திட்டிட்டேன். நாளைக்கு வேற ஆபரேட்டர் வர்றான்," என்றான் சூப்பர்வைசர், சட்டையைக் கழற்றியபடி.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "கிரேன் கையை எவ்வளவு தூரம் நீட்டணும்?"

"இருபது மீட்டர்."

"அம்பது டன்னெல்லாம் பக்கத்துல தூக்கினாத்தாங்க. நீட்ட நீட்டக் குறையும். இருபது மீட்டர்ல ஆறு டன்தான், லோடு சார்ட்டுல இருக்கு. மீறினா கிரேனே கவிழ்ந்துடும்."

"அடேயப்பா! மேடத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"போன மாசம் மேட்ச் பாத்துக்கிட்டே, 'எனக்குப் பதிலா நீ எழுதிடு'ன்னு லேப்டாப்பைத் தள்ளினீங்களே, அந்தப் பரீட்சையில கேட்டாங்க."

சுவரில் அவன் பெயரோடு தொங்கிய பாதுகாப்புச் சான்றிதழை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. போனை எடுத்தான்.

"அண்ணே, நாளைக்கு நீங்களே வாங்க. எல்லார் முன்னாலயும்தானே திட்டினேன்? அவங்க முன்னாலயே மன்னிப்புக் கேக்கணும்."