நடுவில் தேய்ந்த டச்பேட்

“தங்கச்சி, உங்க வீட்ல உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?”

பிரிக்பீல்ட்ஸில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சாதிக் இப்படிக் கேட்டதும் மாதவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏண்ணே?”

சாதிக் அவளுடைய கேம் கன்ட்ரோலரை விளக்கடியில் சாய்த்துக் காட்டினார்.

“இந்த வருஷத்துல இது மூணாவது டச்பேட். விளையாடித் தேயறதுன்னா கட்டைவிரல் படற ரெண்டு ஓரமும்தான் தேயும். உங்களுது நட்டநடுவுல, அஞ்சு காசு அகலத்துக்கு வழவழன்னு ஆயிருக்கு. யாரோ ஈரத்துணியால அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. உள்ள தண்ணி இறங்கிடுச்சு. அதான் தொட்டா கேக்கல. பூனை கீனை வளர்க்கறீங்களா?”

“பூனை துணியை நனைச்சுத் தேய்க்குமாண்ணே?”

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும் அப்பாவும்.

அப்பா பக்தவத்சலம், கிள்ளானில் பேர்போன பகுத்தறிவுப் பேச்சாளர். பெயரில் இருந்த பக்தியைக் கத்தரித்துவிட்டு ‘வத்சலம்’ என்றே கையெழுத்துப் போடுகிறவர். ஆயுத பூசை நெருங்கினால் மண்டபம் மண்டபமாய் அவர் முழங்கும் வாக்கியம் ஊருக்கே மனப்பாடம்: “இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறவன் ஒருநாளும் இயந்திரத்தைக் கண்டுபிடிக்க மாட்டான்!”

அம்மா உயிரோடு இருந்தபோது புதுக் கார் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, ஜூஸ் போட்டுக் குடித்தவர்.

மகளின் வீடியோ கேம் ஆட்டமும் அவருக்கு இன்னொரு மூடத்தனம்தான். “இருபத்து நாலு வயசுல பொம்மை விளையாட்டு. அதுக்குப் போட்டி வேற, கோப்பை வேற!”

ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலமில் மாநில இறுதிச் சுற்று. ஆட்டத்தின் நடுவே உத்தியை மாற்ற டச்பேடைத்தான் தடவ வேண்டும். அது கேட்காவிட்டால் அவள் ஒரு வருட உழைப்பும் வீண்.

“டச்பேடை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே.”

“பழசு இனிமே வராது லா. கம்பெனிக்காரன் டிசைனை மாத்திட்டான். புது பேடு இதுல உட்காராது, கன்ட்ரோலரே புதுசு எடுங்க.” ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். “பாருங்க, மேல குட்டிக் குட்டிப் புள்ளி. விரல் வழுக்காது. ஒரே குறை, அந்த இடுக்குல எது போனாலும் துணிக்கு வராது.”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“அப்பா, நான் வேலைக்குப் போனப்புறம் என் கன்ட்ரோலரைத் தொடறீங்களா?”

அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. “அந்தக் குப்பையை நான் ஏன் தொடணும்?”

“மூணு தடவை கெட்டுப்போச்சு. பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க. மறைஞ்சு நின்னு கெடுக்காதீங்க.”

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. “தேயற பொருள் தேயும்மா. அது இயற்கை. அறிவியல்.”

அன்றே பெட்டியைக் கட்டினாள். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நேராக அம்பாங், தோழி வாணியின் வீடு. இனி கிள்ளான் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்தபோது அவளுடைய பையருகே நின்றிருந்த அப்பா சட்டென்று விலகினார். கையில் ஒரு ஈரத்துண்டு. வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“தோத்தா அழாத. அதிர்ஷ்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாது” என்றார்.

மாதவி பையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அரங்கில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக டச்பேடை அழுத்திப் பார்த்தாள். கேட்டது. மூச்சு வந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள். “அக்கா, நடுவுல சிவப்பா என்னமோ ஒட்டியிருக்கு.”

துணியால் துடைத்தாள். போகவில்லை. புள்ளிகளின் இடுக்கில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அம்மாவின் அலமாரி வாசனை.

கைபேசியை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

“மேடையில இருக்கேன். அடுத்து நான்தான் பேசணும். சீக்கிரம் சொல்லு.” பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ ‘பகுத்தறிவுச் சிங்கம்’ என்று அவரை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்ப்பா. அப்புறம், இது புது டிசைன். ஈரத்துணிக்கெல்லாம் குங்குமம் போகாது. அடுத்த ஆட்டத்துக்குப் பொட்டு வச்சதும் பழைய பல் பிரஷால தேய்ங்க.”

மறுமுனையில் சிங்கம் குரலைத் தாழ்த்தியது.

“மெதுவாப் பேசும்மா. பக்கத்துல தலைவர் உட்கார்ந்திருக்காரு.”