மூன்றாம் மாடிக் கிழவி

எதிர் மனையில் கம்பங்களைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வெர்னா சமையலறை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கூடத்தில் தெருவே கூடியிருந்தது.

எதிர்ப்புறம் வரவிருந்த ஏழைகள் குடியிருப்பை நேற்று நகரசபை வேண்டாமென்று தள்ளிவிட்டது. வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் வெர்னா. அதனால் விருந்தும் அவள் வீட்டில்தான்.

இந்தப் பக்கத்து ஊர்களில் எதைக் கட்டுவதானாலும், முதலில் வரப்போகும் கட்டடத்தின் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, ஆரஞ்சு வலை கட்டி ஊராருக்குக் காட்ட வேண்டும். எல்லோரும் அண்ணாந்து பார்த்து, வெயில் போச்சு, வீட்டு விலை போச்சு என்று புலம்பித் தீர்ப்பார்கள்.

நகரசபைக் கூட்டத்தில் வெர்னாவும் அதைத்தான் சொன்னாள். சொல்லாத காரணம் வேறு.

கம்பம் நட்ட நாளிலிருந்தே, அவள் கண்ணுக்கு மட்டும், அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள்.

தளமே இல்லாத இடத்தில் ஒருவன் குந்தி ஷூ லேஸ் கட்டுவான். ஒரு பெண் அந்தரத்தில் நின்று துணி மடிப்பாள். அவர்களையாவது சகித்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடி மூலையில் ஒரு கிழவி. வலைக்குப் பின்னால் முகம் தெரியாது. சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெர்னாவின் வீட்டையே பார்ப்பாள்.

வெர்னா விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இந்தத் தெருவிலேயே கண்ணை மூட வேண்டும். பக்கத்து வீட்டு டோரிஸ் வயதான காலத்தில் வீட்டைக் கட்டி மேய்க்க முடியாமல் விற்றாள். இங்கே வாடகைக்கு ஓர் அறைகூடக் கட்டுப்படியாகவில்லை. முன்பின் தெரியாத ஊரில் போய்ச் செத்தாள்.

"அதான் ஜெயிச்சாச்சே வெர்னா, இன்னும் எதுக்கு அங்கயே மொறச்சுக்கிட்டு நிக்கிற? கேக் வெட்ட வா" என்றார் கோடி வீட்டு டேரல்.

"எல்லாரும் எறங்கட்டும், வரேன்."

டேரல் கம்பத்தில் ஏறியிருந்த வேலையாட்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அங்கே குடியிருந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சுகளோடு, இல்லாத படிகளில், வரிசையாக. யாரும் யாரையும் வையவில்லை.

வெர்னாவுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாகக் கிழவி இறங்கினாள். மற்றவர்கள் போன திக்கில் அவள் போகவில்லை. தெருவைக் கடந்து நேராக வெர்னாவின் வாசலுக்கு வந்தாள்.

கதவைத் தட்டவில்லை. குனிந்து, படியோரம் ஆடிக்கொண்டிருந்த செங்கல்லை உருவி, உள்ளே கைவிட்டுச் சாவியை எடுத்தாள்.

கணவர் இறந்த பிறகு வெர்னா ஒளித்துவைத்த சாவி அது. யாரிடமும் அவள் சொன்னதில்லை.

கிழவி சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல அதை இருந்த இடத்திலேயே வைத்து, செங்கல்லைச் செருகினாள்.

நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் போய், ஊரைவிட்டு வெளியே போகும் பஸ்ஸுக்காக நின்றாள்.

வெர்னா ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவி திரும்பவில்லை.

அந்த வயதில் எனக்குக் காது கேட்காமல் போய்விடும்போல என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.